டேலின்

டேலின் என்பது உயிரணுவின் உட்சட்டகத்தை வெளிச்சூழலோடு பிணைக்கும் புரதம். தான் ஒட்டியிருக்கும் தளம் இறுகியதா இளகியதா என்று உயிரணு அறிவதில் இதற்கு முதன்மையான பங்கு உண்டு. 1983-இல் கீத் பர்ரிட்ஜும் லாரி கானலும் இதை விவரித்தனர். கணுக்காலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. உயிரணு காலூன்றும் இடத்தில் இருக்கும் புரதத்துக்குப் பொருத்தமானதுதான்.

மனிதரின் டேலின்-1இல் 2,541 அமினோ அமிலங்கள் உள்ளன. அதன் தலை, உயிரணுச் சவ்வை ஊடுருவி நின்று வெளித்தளத்தைப் பிடித்திருக்கும் இன்டெக்ரின் என்ற புரதத்தைப் பற்றுகிறது. நீண்ட தண்டு, உள்ளேயுள்ள ஆக்டின் இழைகளைப் பிடித்துக்கொள்கிறது. மயோசின் என்ற இயக்கப் புரதம் அந்த இழைகளை ஓயாமல் உள்நோக்கி இழுக்க, நடுவில் மாட்டிய டேலின் தேர்வடம்போல விறைக்கிறது.

தண்டில் 13 கட்டுகள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றும் நான்கைந்து சுருள்கள் நெருங்கி ஒட்டியது. இவற்றில் மூன்றாவதான ஆர்3 மற்றவற்றைவிட நெகிழ்வானது. நீரை விலக்கும் அமினோ அமிலங்கள் இருக்கவேண்டிய உட்புறத்தில் திரியோனின்கள் அமர்ந்திருப்பதே காரணம். சுமார் 5 பிக்கோநியூட்டன் விசையிலேயே, அதாவது ஒரு நியூட்டனின் இலட்சம் கோடியில் ஐந்து பங்கிலேயே, அது அவிழ்ந்துவிடுகிறது. அதுவரை மறைந்திருந்த ஒட்டிடங்கள் வெளிப்பட்டதும் வின்குலின் என்ற புரதம் வந்து பற்றி, மேலும் ஆக்டின் இழைகளைப் பிணைத்துப் பிடியை உறுதியாக்குகிறது. 2009-இல் மைக்கேல் ஷீட்ஸும் உடன் ஆய்வாளர்களும் ஒற்றை டேலின் தண்டுகளில் காந்த நுண்மணியைக் கோத்து இழுத்து, இழுக்கும்போது வின்குலின் கூடுதலாக ஒட்டுவதைக் காட்டினர்.

விசையை 'உணரும்' புரதம் என்று இதை எழுதுவது வழக்கம். அது உணர்வதில்லை, அவிழ்கிறது, அவ்வளவுதான்.

தளம் இளகியதாக இருந்தால் இழுக்க இழுக்க அதுவும் கூடவே வரும். விசை மெல்லத்தான் ஏறும். ஆர்3 அவிழுமுன் இன்டெக்ரினின் பிடி விட்டுப்போகும். இறுகிய தளத்தில் ஆர்3 முந்திக்கொள்கிறது. ஃபைப்ரோநெக்டின் என்ற ஒட்டுப் புரதம் பூசிய தளத்தில் வளர்த்த நாரரும்பு உயிரணுக்களில் இறுக்கத்தின் இந்த எல்லை ஏறத்தாழ 5 கிலோபாஸ்கல். அதைத் தாண்டும்போது யாப் என்னும் புரதம் உட்கருவுக்குள் நுழைந்து, உயிரணுப் பெருக்கத்துக்கான மரபணுக்களைத் தூண்டுகிறது.

முதுகெலும்பிகளில் டேலின்-2 என்ற மற்றொரு வடிவமும் உண்டு. இதயம், மூளை, எலும்புத்தசை ஆகியவற்றில் அது மிகுதி. இரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி இரத்தம் உறைவதற்கு டேலின்-1 வேண்டும். டேலின்-1 மரபணு முற்றிலும் முடக்கப்பட்ட எலிக்கருக்கள், உடலின் அடுக்குகள் உருவாகும் கட்டத்திலேயே வளர்ச்சி நின்று இறக்கின்றன.