தச்சுக்கோலும் மரப்படியும்: குமரி எல்லைப் பகுதியின் மர அளவு மரபு

கன்னியாகுமரி, திருவனந்தபுரம் மாவட்டங்கள் சந்திக்கும் எல்லையூர்களுள் ஒன்று பனச்சமூடு. 1956 நவம்பர் 1இல் மாநில எல்லை வகுக்கப்படும்வரை இப்பகுதி முழுவதும் ஒரே ஆட்சியின்கீழ் இருந்தது. மெட்ரிக் அளவைக்கு வழிசெய்த சட்டமும் அதே ஆண்டு டிசம்பரில் இயற்றப்பட்டது. நிலமும் அளவையும் ஓராண்டிலேயே மாற்றத்துக்கு உள்ளாயின. அம்மாற்றத்தில் மறைந்துவரும் தச்சு அளவு மரபின் அடிப்படையை மரப்படியின் வழி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சிலப்பதிகார அரங்கேற்று காதை அரங்கு அமைக்கும் கோலினை 24 விரல் என வரையறுக்கிறது. கேரளத் தச்சு மரபின் கோலும் 24 விரலே. அது ஏறத்தாழ 72 செ.மீ. ஆகும். இம்மரபினை 16ஆம் நூற்றாண்டில் வடமொழியில் தொகுத்துரைத்தது 'மனுஷ்யாலய சந்திரிகை'. மொழி வேறாயினும் எண் ஒன்றாக நிற்பது கருதத்தக்கது.

இம்மரபின் சிறந்த சான்று தக்கலையை அடுத்த பத்மநாபபுரம் அரண்மனை. தமிழக நிலத்தில் நின்றாலும் அது கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ளது. அங்குப் பூமுகத்திலிருந்து மந்திரசாலைக்கு ஏறுவது ஒடுங்கிய மரப்படியே.

படியின் ஒடுக்கம் இடச்சிக்கனம் மட்டுமன்று, வலிமைக்கும் துணையாவது. படிப்பலகையின் நடுவில் ஒருவர் மிதிக்கும்போது ஏற்படும் வளைவு, பலகை நீளத்தின் முப்படியாகக் கூடும். கனத்தின் முப்படியாகக் குறையும். நீளம் இருமடங்கானால் கனமும் இருமடங்காதல் வேண்டும். எனவே உறுப்பின் அளவை நீளத்தின் பங்காக வகுக்கும் முறை இயற்பியலோடு இயைவது என்பது தெளிவு.

படிகளைத் தாங்கி இருபுறமும் சாய்ந்து நிற்கும் நெடும்பலகைக்கும் இது பொருந்தும். 2 விரல் கனமும் 8 விரல் அகலமும் உடைய பலகையைக் குத்துநிலையில் நிறுத்தினால், படுக்கை நிலையைவிட வலிமை 4 மடங்கும் விறைப்பு 16 மடங்கும் மிகும். படியை அமர்த்த அதன் மேல்விளிம்பில் 3 விரல் வெட்டினாலோ, வெட்டிய இடத்தில் எஞ்சும் வலிமை 64இல் 25 பங்கே. ஆகவே பலகையின் மொத்த அகலத்தை விட வெட்டுக்குக் கீழே எஞ்சும் அகலமே கணக்கிடத்தக்கது.

அளவோடு மரத்தின் இயல்பும் நோக்கத்தக்கது. அகத்தே காழ் உடையதை மரம் எனத் தொல்காப்பிய மரபியல் வகைப்படுத்தும். தேக்கு, அயினி, பலா ஆகியவற்றின் வைரப்பகுதி கரையானைப் பெரிதும் தாங்கும். வெளிப்புற வெள்ளைப்பகுதி அதற்கு எளிதில் இரையாகும். வெள்ளையையும் சேர்த்து அளந்த கனம், அது அரிக்கப்பட்டபின் பயன்படாது.

விரலைச் செ.மீ. ஆக்குவது எளிது. ஆனால் பெயர்த்தெழுதிய எண் மட்டும் எஞ்சி, உறுப்புகளுக்கு இடையிலான விகிதம் மறக்கப்படுமாயின் மரபின் அறிவு இழக்கப்படும். எல்லையின் இருபுறத்துத் தச்சர் வழக்கிலுள்ள சொற்களையும் விகிதங்களையும் ஒருங்கே தொகுப்பது தமிழ், மலையாள ஆய்வுத்துறைகளின் உடனடிக் கடமையாகும்.