காகிதமும் கோட்டாவும்: இராஜாஜியின் பழமைவாதம் குறித்துச் சில எண்ணங்கள்

‘பழமைவாதி’ என்னும் சொல் தமிழ்நாட்டு அரசியல் பேச்சில் பெரும்பாலும் வசைச்சொல்லாகவே வழங்கி வருகிறது. சாதி, சடங்கு, வைதிகம் ஆகியவற்றோடு அச்சொல்லை நாம் சேர்த்து முடிந்துவிட்டோம். அதற்குத் தக்க காரணங்களும் இருந்தன. எனினும் அரசியல் சிந்தனை வரலாற்றில் அச்சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு. அதிகாரத்தை எவர் கையில் கொடுத்தாலும், அவர் எத்துணை நல்லவராயினும், அளந்தே கொடுக்க வேண்டும். ஆட்சியைத் திருத்துவதாயினும் அயல்நாட்டோடு உறவாடுவதாயினும் நிதானம் தவறாமல், வழிமுறை கெடாமல் செய்ய வேண்டும் என்பது அப்பொருள். விடுதலை பெற்ற இந்தியாவில் இக்கருத்தை ஒரு கட்சியின் கொள்கையாகவே வகுத்துக் காட்டியவருள் முதன்மையானவர் சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியார். ஆட்சிச் சீர்திருத்தம், அயலுறவு, கருத்துரிமை ஆகிய மூன்றும் அவருடைய பொதுவாழ்வில் எவ்வாறு பின்னிக் கிடந்தன என்பதையும், மூன்றாவதில் அவர் எங்கே இடறினார் என்பதையும் இக்கட்டுரையில் நோக்குவோம்.

பெர்மிட், லைசென்ஸ், கோட்டா

1952 ஏப்ரலில் இராஜாஜி சென்னை மாநில முதலமைச்சரானார். காங்கிரசுக்குத் தனிப்பெரும்பான்மை கிட்டாத தேர்தல் அது. அவர் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டு வரவில்லை. ஆளுநரால் மேலவைக்கு நியமிக்கப்பட்டு வந்தார். வழிமுறையின் தூய்மையை வாழ்நாள் முழுதும் வலியுறுத்திய ஒருவர் இப்படி வந்தது குறித்து அன்றே கண்டனங்கள் எழுந்தன. அவற்றைப் புறந்தள்ள நமக்கு மனம் வரவில்லை.

ஆனால் வந்த சில வாரங்களில் அவர் செய்த காரியம் துணிவானது. போர்க்காலம் முதல் நடைமுறையில் இருந்த உணவுதானியக் கட்டுப்பாட்டை 1952 ஜூனில் நீக்கினார். ஓரிடத்து நெல்லை வேறிடத்துக்குக் கொண்டுசெல்லவும் அதிகாரியின் அனுமதி வேண்டியிருந்த காலம் அது. கட்டுப்பாட்டை எடுத்தால் பதுக்கலும் பஞ்சமும் வரும் என்று பலர் அஞ்சினர். அவர்கள் அஞ்சியது நடக்கவில்லை. பதுங்கியிருந்த நெல் கடைவீதிக்கு வந்தது. மத்திய உணவு அமைச்சர் இரஃபி அகமது கித்வாய் இம்முயற்சிக்குத் துணைநின்றார். 1954க்குள் நாடெங்கும் இக்கட்டுப்பாடு தளர்ந்தது.

பிற்காலத்தில் இராஜாஜி பேசிய பொருளாதாரம் முழுவதற்கும் இதுவே வித்து எனலாம். பொருள் குறைவாக இருப்பதால் கட்டுப்பாடு வருகிறது என்று அரசு சொல்லும். கட்டுப்பாடு இருப்பதாலேயே பொருள் மறைகிறது என்பது அவர் கண்ட உண்மை.

1959 ஜனவரியில் நாகபுரியில் கூடிய காங்கிரஸ் கூட்டுறவுப் பண்ணை முறைக்கு ஆதரவாகத் தீர்மானம் நிறைவேற்றியது. அவ்வாண்டு ஜூனில் சென்னையில் சுதந்திராக் கட்சி அறிவிக்கப்பட்டது. இராஜாஜிக்கு அப்போது வயது 80. என்.ஜி. ரங்கா, மினு மசானி, கே.எம். முன்ஷி முதலியோர் உடன் நின்றனர். ‘பெர்மிட் லைசென்ஸ் கோட்டா ராஜ்யம்’ என்று அவர் சூட்டிய பெயர் அன்றைய ஆட்சிமுறைக்கு நிலைத்துவிட்டது. ஆலை தொடங்க லைசென்ஸ்; அதை விரிவாக்க மறுபடியும் லைசென்ஸ்; இயந்திரம் இறக்குமதி செய்ய பெர்மிட்; இரும்புக்கும் சிமெண்டுக்கும் கோட்டா. கொடுக்கும் கை ஒன்றாக இருக்கும்போது வாங்கும் கைகள் அதன் முன் குவிந்தே தீரும். ஆளும் கட்சிக்குத் தேர்தல் நிதி குவிவதற்கும் இதற்கும் உள்ள தொடர்பை அவர் ஓயாமல் எழுதினார். முதலாளிகளின் கட்சி என்று தம் கட்சியைப் பிறர் இகழ்ந்தபோது, பெருமுதலாளிகள் பலர் லைசென்ஸ் தரும் ஆளும் கட்சியின் பக்கமே நிற்கிறார்கள் என்பது அவர் தரப்பின் விடை.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். உழவன் எதை விதைப்பது என்று அரசு சொல்லக்கூடாது என்றவர், 1953இல் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில், பள்ளி நேரம் போக மிகுந்த பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும் என்றார். ‘குலக்கல்வித் திட்டம்’ என்று பெயர்பெற்று, கடும் எதிர்ப்பைச் சந்தித்து, 1954இல் அவர் பதவி விலகுவதற்கே அது காரணமாயிற்று. அரசின் பிடியிலிருந்து வணிகனைக் காக்க எழுந்த மனம், பிறப்பின் பிடியிலிருந்து குழந்தையைக் காக்க எழவில்லை. தமிழ்நாட்டில் பழமைவாதம் வசைச்சொல்லானதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

அயலுறவில் தனிக்குரல்

அயலுறவுக் கொள்கையிலும் அவர் அன்றைய பொதுக்கருத்துக்கு எதிராகவே பலமுறை நின்றார். திபெத்தில் நிகழ்ந்தவற்றுக்குப் பின் சீனத்தை நம்புவது தகாது என்பது சுதந்திராக் கட்சியின் நிலை. 1962 போருக்குப் பின், அணிசேராமை என்னும் பெயரில் தனித்து நில்லாமல் மேலைநாடுகளின் பாதுகாப்புத் துணையை வெளிப்படையாக நாட வேண்டும் என்று அக்கட்சி வலியுறுத்தியது.

இவ்வளவில் அவரைப் போர்விரும்பி என்று எண்ணிவிடலாகாது. 1961 டிசம்பரில் கோவாவை இந்தியப் படை கைக்கொண்டபோது நாடே மகிழ்ந்தது; இராஜாஜி மகிழவில்லை. பிற நாடுகளுக்குப் படைபலம் கூடாது என்று அறம் உரைக்கும் தகுதியை நாம் இழந்துவிட்டோம் என்ற கருத்தில் எழுதினார். அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்த வேண்டும் என்பதில் அவர் காட்டிய முனைப்பு யாவரும் அறிந்தது. 1962 செப்டம்பரில், தம் 83ஆம் வயதில், காந்தி சமாதான அறக்கட்டளையின் தூதுக்குழுவில் அமெரிக்கா சென்று அதிபர் கென்னடியை நேரில் கண்டு இதற்காக வாதாடினார். மேலைநாட்டுத் துணை வேண்டும் என்றவரே, மேலைநாட்டின் தலைவரிடம் சென்று குண்டைக் கைவிடுக என்றார்.

1964 ஏப்ரலில் சிறையிலிருந்து விடுதலையான ஷேக் அப்துல்லா, மே மாதம் சென்னைக்கு வந்து இராஜாஜியைச் சந்தித்தார். அப்துல்லாவோடு பேசித் தீர்வு காண வேண்டும் என்று ஏற்கெனவே எழுதிவந்தவர் இராஜாஜி. காஷ்மீரைப் பற்றி மாறுபட்ட கருத்துச் சொல்வதே தேசத்துரோகம் எனப்பட்ட காலம் அது. 1942இலும் 1944இலும் முஸ்லிம் லீக்கோடு உடன்பாடு காண வேண்டும் என்று சொல்லி வசை வாங்கியவருக்கு இது புதிதன்று. அயலுறவைப் பற்றி மாற்றுக்கருத்தை உரக்கச் சொல்லும் உரிமை இல்லாவிட்டால், இராஜாஜியின் கடைசி இருபது ஆண்டு எழுத்தே இல்லை. இதை மனத்தில் இருத்திக்கொண்டு, சற்றுப் பின்னோக்கி 1950, 1951 ஆண்டுகளுக்குச் செல்வோம்.

1951: அவர் கையில் இருந்த சட்டம்

ரொமேஷ் தாப்பர் நடத்திய ‘கிராஸ் ரோட்ஸ்’ என்னும் இடதுசாரி வார ஏடு பம்பாயில் அச்சாகி வந்தது. நேருவின் கொள்கைகளை, குறிப்பாக அயலுறவுக் கொள்கையை, அது கடுமையாகத் தாக்கியது. 1950 மார்ச்சில் சென்னை அரசு அதைத் தன் எல்லைக்குள் வரவொட்டாமல் தடுத்தது. உச்ச நீதிமன்றம் 1950 மே 26இல் அத்தடையை நீக்கியது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி. பொது ஒழுங்கு என்பது மிக விரிந்த சொல். அரசின் பாதுகாப்புக்கே ஊறு நேரும்போது மட்டும் பேச்சைத் தடுக்கவே அரசமைப்பு இடம்தருகிறது என்பது அத்தீர்ப்பின் சாரம். ‘ஆர்கனைசர்’ ஏட்டின் மீதான முன்தணிக்கையும் அன்றே நீக்கப்பட்டது. ஒன்று இடதுசாரி ஏடு, மற்றொன்று இந்துத்துவ ஏடு. காப்பு இரண்டுக்கும் ஒன்றே.

இதற்கு விடையாகவே 1951 ஜூனில் அரசமைப்பின் முதல் திருத்தம் வந்தது. பேச்சுரிமைக்கு விதிக்கத்தக்க கட்டுப்பாடுகளில் பொது ஒழுங்கு, அயல்நாடுகளுடனான நட்புறவு, குற்றத்துக்குத் தூண்டுதல் ஆகியவை சேர்க்கப்பட்டன. கட்டுப்பாடு ‘நியாயமானதாக’ இருக்க வேண்டும் என்ற சொல்லும் சேர்ந்தது ஒரு நன்மை. சியாமா பிரசாத் முகர்ஜி, குன்ஸ்ரு முதலியோர் எதிர்த்தனர். பட்டேல் மறைவுக்குப் பின் உள்துறை அமைச்சராக இருந்த இராஜாஜி அரசின் பக்கம் நின்றார்.

அதோடு நிற்கவில்லை. அவ்வாண்டு அக்டோபரில் பத்திரிகை (ஆட்சேபத்துக்குரிய விஷயங்கள்) சட்டத்தை நிறைவேற்றித் தந்தவரும் அவரே. ஆட்சேபத்துக்குரியதை வெளியிடும் அச்சகத்திடமும் ஏட்டிடமும் ஈடுபணம் கேட்க அச்சட்டம் வழிசெய்தது. 1931ஆம் ஆண்டு வெள்ளையர் சட்டத்தைவிட இது மென்மையானது என்பது உண்மை. ஈடு கேட்பது அதிகாரியின் விருப்பமாக இல்லாமல் செஷன்ஸ் நீதிபதியின் விசாரணைக்கு உட்பட்டது. பத்திரிகைத்துறை அனுபவமுள்ளோரைக் கொண்ட ஜூரியைக் கேட்கும் உரிமையும் இருந்தது. ஆயினும் பத்திரிகையாளர்கள் ஒன்றுதிரண்டு எதிர்த்தனர். அச்சட்டம் 1956 வரை உயிருடன் இருந்தது.

அவருக்கு இது முதல் இடறலும் அன்று. 1938இல் கட்டாய இந்திக்கு எதிராக எழுந்தவர்கள்மீது, காங்கிரசே முன்னர் எதிர்த்துவந்த வெள்ளையர் காலத்துக் குற்றச் சட்டத் திருத்தச் சட்டத்தை ஏவியது அவருடைய அரசு. பெரியார் உள்ளிட்டு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறை சென்றனர். நடராசனும் தாளமுத்துவும் 1939இல் சிறைக்காவலில் இருந்தபோதே உயிர்நீத்தனர்.

இங்கே ஒரு காலப்பொருத்தம் நம் கருத்தைக் கவர்கிறது. பத்திரிகைச் சட்டம் வந்த அதே 1951 அக்டோபரில்தான் தொழில்கள் (வளர்ச்சி, ஒழுங்குமுறை) சட்டமும் நிறைவேறியது. லைசென்ஸ் முறைக்கு அடித்தளம் அச்சட்டமே. பின்னாளில் இராஜாஜி எதை எதிர்த்துக் கட்சி கண்டாரோ அதுவும், அவரே முன்னின்று கொண்டுவந்த பத்திரிகைக் கட்டுப்பாடும் ஒரே நாடாளுமன்றத்தில், ஒரே மாதத்தில் சட்டமாயின. இரண்டுக்கும் அடியில் இருந்த எண்ணமும் ஒன்றே: குடிமகனைவிட அரசு நன்கறியும். தொழிலில் அவ்வெண்ணம் பொய் என்று பின்னர் கண்டவருக்கு, சொல்லிலும் அது பொய் என்று அன்று தோன்றவில்லை. ஏனெனில் அன்று அதிகாரம் அவர் கையில் இருந்தது.

இரண்டும் ஒன்று சேரும் இடம்

வணிக உரிமை வேறு, கருத்துரிமை வேறு என்று நாம் பாடநூலில் பிரித்துப் படிக்கிறோம். நடைமுறையில் இரண்டும் சேரும் இடம் ஒன்று உண்டு. அது செய்தித்தாள் அச்சாகும் காகிதம்.

எத்தனை பக்கத்துக்கு என்ன விலை வைக்கலாம் என்று அரசே வகுத்த ஆணையை ‘சகாள்’ என்னும் மராத்தி நாளேட்டின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1961இல் செல்லாதென்றது. இறக்குமதிக் காகிதத்துக்குக் கோட்டா வைத்து, பத்துப் பக்கத்துக்கு மேல் கூடாது என்று வரம்பிட்ட கொள்கையை 1972 அக்டோபரில் பென்னட் கோல்மன் வழக்கில் நீக்கியது. கோட்டா என்பது இரும்போடும் சிமெண்டோடும் நிற்பதில்லை. ஆசிரியர் எழுதும் தாளையும் அது அளக்கும் என்பது ஐயமற வெளிப்பட்டது. அத்தீர்ப்பு வந்து இரண்டு மாதம் ஆவதற்குள், டிசம்பர் 25இல் இராஜாஜி மறைந்தார்.

பிற்கால இராஜாஜி இவ்வுண்மையை அறியாதவர் அல்லர். சுதந்திராக் கட்சியின் 21 கொள்கைகளுள் கடைசியானது அரியது. அடிப்படைக் கொள்கைகளுக்கு உட்படாத எவ்விஷயத்திலும் உறுப்பினர் தம் கருத்தைத் தடையின்றிச் சொல்லலாம் என்பது அது. கட்சிக்குள்ளேயே மாற்றுக்கருத்தைச் சட்டமாக்கி வைத்த கட்சிகள் நம் நாட்டில் மிகச் சிலவே. 1938இல் இந்தியைப் புகுத்தியவர், 1960களில் இந்தித் திணிப்பை எதிர்த்து எழுதினார். அன்று சிறைசென்ற இயக்கத்தின் வழிவந்த தி.மு.க.வோடு 1967இல் கூட்டணி கண்டார். அதிகாரத்தில் இருந்தபோது கற்காத பாடத்தை அதற்கு வெளியே நின்று கற்றார் என்று நாம் கருதுகிறோம்.

அவர் மறைவுக்குப் பின் நடந்ததே இதற்கு உரை. நெருக்கடிநிலையின்போது 1976இல், ‘ஆட்சேபத்துக்குரிய விஷயங்கள்’ என்ற அதே பெயரைத் தாங்கி மற்றொரு பத்திரிகைச் சட்டம் வந்தது. இம்முறை ஜூரி இல்லை. முடிவெடுக்கும் அதிகாரம் அரசு அலுவலரிடம் போயிற்று. நல்லவர் செய்து வைத்த வாளை அவருக்குப் பின் வருபவர் எடுத்துத் தீட்டிக்கொள்வார் என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டுமோ? அதே ஆண்டில் இராஜாஜியின் தோழர் மசானி, தம் ‘ஃப்ரீடம் ஃபர்ஸ்ட்’ இதழின் கட்டுரைகளைத் தணிக்கையாளர் தடுத்ததை எதிர்த்து வழக்காடி, பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வென்றார். 1977இல் ஆட்சி மாறியதும் அச்சட்டம் நீக்கப்பட்டது.

1974இலேயே சுதந்திராக் கட்சி வேறு கட்சியில் கரைந்துவிட்டது. அது எதிர்த்த தொழில் லைசென்ஸ் முறையைப் பெரும்பாலும் நீக்கியதோ 1991இல் காங்கிரஸ் அரசே. அவ்வகையில் இராஜாஜி வென்றார். ஆனால் 1951இல் பேச்சுரிமையின்மேல் ஏற்றப்பட்ட மூன்று கட்டுப்பாடுகளும் அரசமைப்பின் 19ஆம் பிரிவில் இன்றும் இருக்கின்றன. 1963இல் அவற்றோடு நாட்டின் ஒருமைப்பாடு என்பதும் சேர்ந்தது. லைசென்ஸை நீக்கக் கேட்டவர்கள் பலர். இவற்றை நீக்கக் கேட்போர் சிலரே. வணிகனுக்கு விடுதலை வேண்டும் என்று இன்று பேசுவோர், தமக்கு ஒவ்வாததை எழுதுபவனுக்கும் அதே விடுதலையை வேண்டுகின்றனரா? இராஜாஜியைப் போற்றுவோரும் தூற்றுவோரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுவே.