படுக்கையும் திறப்பும்

உருவம் தன் மதிப்பீடுகளைத் தானே சுமந்து வருகிறது என்று சொல்லும் கட்சி ஒன்று நம்மிடையே உண்டு. நானும் வெகுகாலம் அந்தக் கட்சியில் இருந்தவன். நல்ல உருவம் பொய்யான விஷயத்தைத் தாங்காது, எங்காவது விரிசல் விட்டுக் காட்டிக்கொடுத்துவிடும் என்று இதே வட்டத்தில் நண்பர்களோடு சண்டை போட்டிருக்கிறேன். அந்த நம்பிக்கை எனக்கு முதலில் ஆட்டங்கண்டது கவிதை படிக்கும்போது அல்ல. ஜெர்மனியில் ஒரு மலைக்கோட்டையின் படுக்கையறையில். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

வங்கி வேலை கிடைப்பதற்கு முன் ஒரு வருஷம் டார்ட்மண்டில் முதியோர் இல்லம் ஒன்றில் தன்னார்வ ஊழியனாக இருந்தேன். கைச்செலவுக்குத்தான் காணும் சம்பளம். 2016 அக்டோபரில் ஒரு சனிக்கிழமை நாங்கள் நான்கு பேர் ஆல்டெனாவுக்குப் போனோம். என்னோடு வேலை பார்த்த ஜார்ஜியாப் பெண், கேரளத்து நர்ஸ் ஒருத்தி, ஹாகனில் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்து இளைஞன் ஒருவன். ஓட்டலுக்குப் பணமில்லை, இளைஞர் விடுதி மலிவு என்பதைத் தவிர வேறு லட்சியம் ஏதும் எங்களுக்கு இல்லை.

லென்ன என்ற சிற்றாறு வளைந்து போகிற இடுக்கான பள்ளத்தாக்கில் ஊர். நூற்றாண்டுகளாகக் கம்பி இழுத்துப் பிழைத்த ஊர் இது. கம்பிக்கென்றே ஒரு மியூசியம் வைத்திருக்கிறார்கள். ஆலைகள் படுத்துவிட்டதால் ஜனங்கள் வெளியேறிக்கொண்டே இருக்க, கடைவீதியில் கண்ணாடிக்குப் பின்னால் காலி அலமாரிகள். மேலே பாறையில் கோட்டை. அதன் கீழ் முற்றத்தில் நாங்கள் தங்கிய விடுதி. விரிப்பை நாமே போட்டுக்கொள்ள வேண்டும், சாப்பிட்ட தட்டை நாமே எடுத்துவைக்க வேண்டும். இதெல்லாம் எனக்குப் பிடித்திருந்தது. உலகத்தின் முதல் நிரந்தர இளைஞர் விடுதி இந்தக் கோட்டையில்தான் தொடங்கியது. அந்தப் பழைய அறைகளை அப்படியே மியூசியமாக வைத்திருக்கிறார்கள். தடித்த மரத்தில் அடுக்குக் கட்டில்கள், ஒரு சமையலறை, குளிக்க ஒரு இடம். இவ்வளவுதான்.

இதைத் தொடங்கியவர் ரிச்சர்ட் ஷிர்மான் என்ற ஆரம்பப் பள்ளி வாத்தியார். 1874ல் கிழக்குப் பிரஷ்யாவில் பிறந்தவர். சுரங்கப் பிரதேசமான கெல்ஸன்கிர்ஷனில் பாடம் சொல்லிக்கொடுத்து, புகையிலும் கரித்தூளிலும் வளர்கிற பிள்ளைகளைப் பார்த்து, வகுப்பை விட்டு அவர்களைக் காட்டுக்குள் நடத்திக்கொண்டு போகத் தொடங்கினார். 1903ல் ஆல்டெனாவுக்கு வந்தார். 1909 ஆகஸ்ட் 26ந் தேதி அப்படி ஒரு நடைப்பயணத்தின்போது ப்ரோல் பள்ளத்தாக்கில் இடியும் மழையும் பிடித்துக்கொண்டது. ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினார்கள். பெஞ்சுகளை ஓரம் தள்ளி, குடியானவர் ஒருவர் கொடுத்த வைக்கோலைப் பரப்பிப் பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். வாத்தியார் தூங்கவில்லை. விடுமுறையில் சும்மா கிடக்கும் பள்ளிக்கூடங்களெல்லாம் இரவில் இப்படித் திறந்திருந்தால் என்ன என்று யோசித்தார். அடுத்த வருஷம் பத்திரிகையில் எழுதினார். 1912ல் கோட்டையில் இடம் கிடைத்தது.

கோட்டை அவருக்காகக் கட்டப்பட்டதல்ல. அந்தப் பிரதேசம் பிராண்டன்பர்க்–பிரஷ்யாவின் கைக்கு வந்த முந்நூறாவது வருஷத்தைக் கொண்டாட, அதே 1909ல், இடிந்து கிடந்ததை எடுத்துக்கட்டும் வேலையை ஜில்லா அதிகாரி ஃப்ரிட்ஸ் தோமே தொடங்கியிருந்தார். அரச பக்தியின் ஞாபகச் சின்னத்துக்குள் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள் கட்டில் போட்டுப் படுத்தார்கள். இதை முதலில் படித்தபோது உள்ளடக்கத்தை உருவம் ஜெயித்துவிட்டது என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அடுக்குக் கட்டில் என்ற உருவம். மேல்தட்டு, கீழ்த்தட்டு என்பது தூங்குவதற்கு மட்டும். காலையில் எல்லோருக்கும் ஒரே ரொட்டி. இது தன்னளவிலேயே ஒரு ஜனநாயகம் என்று நினைத்தேன்.

ஷிர்மானின் யுத்த அனுபவமும் இந்த எண்ணத்துக்குத் துணை நின்றது. 1915 கிறிஸ்துமஸ் சமயத்தில் வோஸ் மலையில் எதிரெதிரே கிடந்த ஜெர்மன், பிரெஞ்சு சிப்பாய்கள் கட்டளைகளை மறந்துவிட்டுக் கைவிடப்பட்ட பதுங்குகுழிகள் வழியாக ஒருவரை ஒருவர் போய்ப் பார்த்தார்கள். அந்தப் பக்கத்து ஒயினும் சிகரெட்டும் இந்தப் பக்கத்துக் கறுப்பு ரொட்டிக்கும் பன்றி இறைச்சிக்கும் கைமாறின. எல்லா தேசத்து இளைஞர்களும் சந்தித்துக்கொள்ள இடங்கள் இருந்தால் என்று அப்போது அவர் நினைத்ததாகப் பின்னால் எழுதினார். 1919ல் வில்ஹெல்ம் ம்யூங்கரோடு சேர்ந்து தேசிய சங்கத்தை ஸ்தாபித்தார். 1932 அக்டோபரில் ஆம்ஸ்டர்டாமில் பதினொரு தேசத்துச் சங்கங்கள் கூடி ஒரு சர்வதேச அமைப்பு உருவாயிற்று. ஜெர்மனியில் மட்டும் 2000 விடுதிகளுக்கு மேல்.

1933 ஏப்ரலில் அத்தனை விடுதிகளும் ஹிட்லர் இளைஞர் படையின் தலைவன் பால்டுர் ஃபான் ஷீராக்கின் கைக்குப் போயின. இதற்காக எந்தக் கட்டிலையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. கூட்டாகத் தூங்குவது, விடிகாலையில் எழுவது, பாடிக்கொண்டு நடப்பது, எளிய சாப்பாடு எல்லாம் தயாராக இருந்தன. கொடியும் சட்டையும்தான் புதிது. சோஷலிஸ்ட் இளைஞர் சங்கங்கள் தடைசெய்யப்பட்டன. யூதப் பிள்ளைகளுக்கு அந்தக் கட்டில்களில் இடமில்லாமல் போயிற்று. 1936ல் ஷிர்மானை சர்வதேசத் தலைமையிலிருந்தும் விலகச் செய்தார்கள்.

நல்ல ஸ்தாபனம் ஒன்றைத் திருடர்கள் பறித்துக்கொண்டார்கள் என்று இதை முடித்துவிடலாம். முடிக்க முடியவில்லை. யாரும் ஹிட்லரைக் கேள்விப்படாத 1913லேயே, காட்டில் நடப்பதை ஒரு மதமாக வைத்திருந்த வாண்டர்ஃபோகல் இயக்கத்தின் ட்ஸிட்டாவ் கிளை ஒரு யூதப் பெண்ணைச் சேர்க்க மறுத்தது. வானம் பொது, காடு பொது, பாட்டு பொது. வாசலில் மட்டும் ஒருவன் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

இன்னொரு உதாரணம் இதைவிட ஸ்தூலமானது. ஷ்டௌம்யூலெ என்ற இடத்தில் பழைய ராணுவ முகாம் ஒன்றை 1925ல் ஷிர்மான் குழந்தைகள் கிராமமாக மாற்றினார். இரண்டாம் யுத்தத்துக்குப் பின் அதே இடத்தில் பிரிட்டிஷார் நாஜிக்களை அடைத்துவைத்தார்கள். பிறகு அது இளங்குற்றவாளிகளின் சிறையாயிற்று. சிப்பாய், குழந்தை, கைதி, மறுபடியும் கைதி. வரிசையாகப் படுக்கை போட்ட கூடம் ஒவ்வொரு தடவையும் வந்தவர்களை முணுமுணுக்காமல் ஏற்றுக்கொண்டது. என் சித்தாந்தப்படி எங்கே விட வேண்டும் விரிசல்? விடவே இல்லை.

இவ்வளவையும் நான் அன்றைக்கே யோசித்தேன் என்றால் பொய். அன்றிரவு மேல் கட்டிலில் படுத்துக்கொண்டு, கீழ்க்கட்டிலில் இருந்த யாழ்ப்பாணத்து நண்பனிடம் விடுதியின் ஜனநாயகம் பற்றி நெடுநேரம் பிரசங்கம் செய்தேன். அவன் பள்ளிக்கூட நாட்களில் இப்படிப்பட்ட விடுதிகளுக்குப் போய்வந்தவன். ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுக் கடைசியில்,

"அண்ணை, வகுப்பில இருந்து முதல் தரம் விடுதிக்குப் போட்டு வந்து, இப்பிடிக் கட்டில், இப்பிடிச் சாப்பாடு எண்டு வீட்டில சந்தோசமாச் சொன்னனான். அப்பா சாப்பாட்டில இருந்து எழும்பிப் போட்டார்" என்றான்.

அவனுடைய அப்பா எண்பதுகளின் நடுவில் கிழக்கு பெர்லின் வழியாக மேற்கே வந்து அகதியாகப் பதிந்துகொண்டவர். முதல் ஒன்பது மாதம் இதே மாதிரி அடுக்குக் கட்டில் போட்ட கூடம் ஒன்றில் இருந்தார். அங்கேயும் எல்லோருக்கும் ஒரே ரொட்டிதான்.

"கட்டில் ஒரு பிரச்சினையில்லை அண்ணை. அவரிட்டத் திறப்பு இருக்கேல்லை. ஆர் வேணுமெண்டாலும் எப்ப வேணுமெண்டாலும் உள்ளுக்க வரலாம். உங்களுக்கு நாளைக்கு ரயில் இருக்கு. அவருக்கு இருக்கேல்லை."

திறப்பு என்றால் அவர்கள் பேச்சில் சாவி. எனக்குத் திறந்திருப்பது என்றுதான் முதலில் பட்டது. ஷிர்மானின் கதவுகள் திறந்திருந்ததைப் பற்றி நான் பேசிக்கொண்டிருக்க, உள்ளிருந்து பூட்டிக்கொள்ள முடியாத ஒரு கதவைப் பற்றி அவன் சொல்லிக்கொண்டிருந்தான். ஒரே சொல் எங்கள் இருவருக்கும் நடுவே எதிரெதிராக நின்றது. நான் பதில் சொல்லவில்லை. அவன் தூங்கிவிட்டான்.

காலையில் ஊருக்குள் இறங்கினோம். அதற்கு ஒரு வருஷம் முன்பு, 2015 அக்டோபரில், ஆல்டெனாவில் ஏழு சிரியா அகதிகள் குடியிருந்த ஒரு வீட்டின் மச்சில் தீ வைத்திருந்தார்கள்; அவர்களில் ஒருத்தி கர்ப்பிணி. வைத்த இருவரில் ஒருவன் தீயணைப்புப் படைக்காரன். உயிர்ச்சேதமில்லை. நாங்கள் போவதற்குச் சில வாரங்கள் முன்புதான் ஹாகன் நீதிமன்றம் இருவருக்கும் சிறைத்தண்டனை விதித்திருந்தது. ஹாகன்காரனான நண்பன் இதையெல்லாம் படித்தே வந்திருக்கிறான். கோட்டைக்குக் கிளம்பும்போது எங்களிடம் சொல்லவில்லை.

ஆனால் அதே ஊர் தனக்கு ஒதுக்கப்பட்டதற்கு மேல் நூறு அகதிகளைத் தானாகக் கேட்டு வாங்கிக்கொண்டது. அவர்களைக் கூடங்களில் அடுக்கவில்லை. ஜனங்கள் விட்டுப்போன வீடுகள் காலியாகக் கிடந்தன. அவற்றில் குடும்பம் குடும்பமாக வைத்தார்கள். கதவு, பூட்டு, கையில் சாவி. இதைச் செய்த மேயர் ஆன்ட்ரியாஸ் ஹோல்ஷ்டைனை 2017 நவம்பர் 27ந் தேதி கபாப் கடையொன்றில் ஒருவன் கழுத்தில் கத்தியால் குத்தினான். தன்னைத் தாகத்தில் விட்டுவிட்டு இருநூறு வெளியாட்களைக் கொண்டுவருகிறாய் என்று கத்தினானாம். அவன் வீட்டுக் குடிநீர் இணைப்பு துண்டிக்கப்பட்டிருந்தது. மேயரைக் காப்பாற்றியவர்கள் கடை வைத்திருந்த துருக்கிய வம்சத்துத் தகப்பனும் மகனும். அப்போது நான் ஊர் திரும்பி வங்கிப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். செய்தியை நண்பன்தான் அனுப்பினான், தன் கருத்து என்று ஒரு வரிகூடச் சேர்க்காமல்.

ஷிர்மானைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமல்ல. அந்த 1909 இரவின் வைக்கோல் நிஜம். ஆனால் அந்த இரவில் நடந்தது வைக்கோலால் நடக்கவில்லை என்று இப்போது நினைக்கிறேன். மழையில் நனைந்து வந்த பிள்ளைகளை நீங்கள் யார் என்று கேட்டு நிறுத்தாமல் ஒருவர் பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்டார். பின்னால் வந்த கட்டில்களும் விதிகளும் சங்கங்களும் அந்தச் செய்கையைப் பத்திரப்படுத்தப் போட்ட முயற்சிகள். அவற்றில் அது கொஞ்சகாலம் தங்கியது, பிறகு போய்விட்டது, கட்டில்கள் மட்டும் இருந்தன. ஷிர்மான் 1961ல் இறக்கும்வரை, யுத்தத்துக்குப் பின் அந்த விடுதிகளை மறுபடி எழுப்பப் பாடுபட்டார். தாம் போட்ட அதே கட்டில்களில் இடையில் யார் படுத்தார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

உருவம் பற்றிய பழைய சண்டையை நண்பர்கள் மீண்டும் தொடங்கினால் நான் முன்போல் வரமாட்டேன். ஒரு உருவத்தைக் காட்டினால் அதன் அழகைப் பார்த்துவிட்டு, சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்பேன்.