'பரவால்ல, ஒரு தடவை பார்க்கலாம்': எந்த ரேட்டிங்கிலும் பதிவாகாத கருத்து

திங்கட்கிழமை காலையில் ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் யாராவது ஒருவர் கேட்பார்: "அந்தப் புது சீரிஸ் பார்த்தாச்சா? எப்படி இருக்கு?" வரும் பதில்களைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். "செம" என்று ஒன்று, "மொக்கை" என்று ஒன்று. மற்றதெல்லாம் இந்த ரகம்: "பரவால்ல", "ஒன் டைம் வாட்ச்", "மூணாவது எபிசோட்ல தூங்கிட்டேன்", "சாப்பிடும்போது போட்டுவிடலாம்".

சாதாரணப் பார்வையாளரின் கருத்து பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. ஆனால் ஒரு தொடர் ஹிட்டா ஃபிளாப்பா, ஒரு ஸ்டாண்ட்-அப் ஸ்பெஷல் மக்களுக்குப் பிடித்ததா என்று பேச்சு வரும்போது நம் கையில் இருப்பது சில எண்கள்: ஐஎம்டிபி மதிப்பெண், ராட்டன் டொமேட்டோஸ் சதவீதம், நெட்ஃப்ளிக்ஸ் வியூஸ், டிஆர்பி. இவை நான்கும் அளப்பது நான்கு வெவ்வேறு விஷயங்களை. அந்த "பரவால்ல" எதிலும் சரியாக விழுவதில்லை. எங்கே, எப்படி அது தொலைகிறது?

ஐஎம்டிபியில் 9 என்றால்?

முதல் கேள்வி, யார் ஓட்டுப் போடுகிறார்கள் என்பது. நானே கடந்த பத்து வருடத்தில் நூற்றுக்கணக்கான தொடர்களும் காமெடி ஷோக்களும் பார்த்திருப்பேன். ஐஎம்டிபியில் மதிப்பெண் போட்டது மூன்றே மூன்றுக்கு. இரண்டு உயிருக்குயிராகப் பிடித்தவை, ஒன்று எரிச்சலின் உச்சத்தில் போட்டது. நடுவில் இருந்த நூற்றுக்கணக்கானவை பற்றி எனக்குக் கருத்து இருந்தது. ஆனால் லாகின் செய்து சொல்லும் அளவுக்கு வேகம் இல்லை.

இது என் சோம்பேறித்தனம் மட்டும் இல்லை. அமேசான் தளத்தில் புத்தகங்கள், டிவிடிகளுக்கு வந்த மதிப்பெண்களை ஆராய்ந்து 2009-ல் வெளியான ஒரு ஆய்வு, அவற்றின் வரைபடம் ஆங்கில 'ஜே' எழுத்து போல இருக்கிறது என்றது. ஒரு நட்சத்திரத்தில் ஒரு சின்ன மேடு, நடுவில் பள்ளம், ஐந்து நட்சத்திரத்தில் பெரிய மலை. ஆனால் ஒரு குழுவைக் கூப்பிட்டு எல்லோரையும் மதிப்பெண் போடச் சொன்னபோது, வரைபடம் நடுவில் உப்பியது. அதாவது நடுத்தரக் கருத்து உள்ளவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வாய் திறப்பதில்லை, அவ்வளவுதான்.

ஐஎம்டிபி காட்டும் எண் நேரடி சராசரியும் இல்லை. எல்லா ஓட்டுக்கும் ஒரே எடை கிடையாது. வழக்கத்துக்கு மாறாக ஓட்டுகள் குவிந்தால் தளம் தன் கணக்கில் எடையை மாற்றிக்கொள்ளும். அந்தக் கணக்கு என்னவென்று முழுமையாக வெளியே சொல்வதில்லை. சொன்னால் அதற்கும் ஆட்கள் வழி கண்டுபிடித்துவிடுவார்கள், அதனால் இது நியாயம்தான்.

ஆனால் சில கோணல்கள் எடை போட்டாலும் போகாது. அமெரிக்காவின் 'ஃபைவ்தர்ட்டிஎய்ட்' தளம் 2016-ல் ஒரு கணக்குப் போட்டது. பெண்களை மனதில் வைத்து எடுக்கப்பட்ட 'செக்ஸ் அண்ட் தி சிட்டி' தொடருக்கு ஐஎம்டிபியில் பெண்கள் தந்த சராசரி 8.1, ஆண்கள் தந்தது 5.8. இரண்டும் கலந்து பக்கத்தின் மேலே தெரிந்தது ஏறத்தாழ 7. யோசித்துப் பாருங்கள், அந்த 7 யாருடைய கருத்து? பெண்களுடையதும் இல்லை, ஆண்களுடையதும் இல்லை.

இன்னொரு சிக்கல், முதலில் வந்தவர் பின்னால் வருபவரை இழுப்பது. ஒரு செய்தித் தளத்தின் பின்னூட்டங்களில் சிலவற்றுக்கு மட்டும், குலுக்கல் முறையில், ஆராய்ச்சியாளர்களே ஒரே ஒரு பொய் 'லைக்' போட்டு வைத்தார்கள். 2013-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த அந்த ஆய்வின்படி, அந்தப் பின்னூட்டங்களின் இறுதி மதிப்பெண் சராசரியாக 25 சதவீதம் உயர்ந்தது. பொய்யாகப் போட்ட 'டிஸ்லைக்'கை மட்டும் பின்னால் வந்தவர்கள் பெருமளவு சரிசெய்துவிட்டார்கள். ரிலீஸ் அன்று ராத்திரியே 9.5 என்று ஸ்க்ரீன்ஷாட் பறப்பதைப் பார்க்கும்போது எனக்கு இந்த ஆய்வுதான் ஞாபகம் வரும்.

35-க்கும் 99-க்கும் நடுவில் என்ன இருக்கிறது?

காமெடி ஸ்பெஷல்களில் விஷயம் இன்னும் சிக்கலாகிறது. டேவ் சாப்பெலின் 'ஸ்டிக்ஸ் அண்ட் ஸ்டோன்ஸ்' 2019-ல் நெட்ஃப்ளிக்ஸில் வந்தது. ராட்டன் டொமேட்டோஸில் விமர்சகர்கள் பக்கம் 35 சதவீதம், பார்வையாளர்கள் பக்கம் 99. அதற்கு முந்தைய ஆண்டு வந்த ஹானா கேட்ஸ்பியின் 'நானெட்' நேர்மாறு: விமர்சகர்கள் 100, பார்வையாளர்கள் ஏறக்குறைய கால்வாசிதான். இரண்டுமே எம்மி விருது வாங்கியவை.

இதைப் பார்த்து "விமர்சகருக்கு மக்கள் ரசனை தெரியாது" என்று முடிவு கட்டுவது சுலபம். ஆனால் அந்த 99-ஐப் போட்டவர்களும் அந்தக் கால்வாசியைப் போட்டவர்களும் சாப்பிடும்போது போட்டுப் பார்த்த சாதாரணப் பார்வையாளர்கள்தானா? சாப்பெலின் ஜோக்குகளை ஒட்டி ஒரு கலாச்சாரச் சண்டையே நடந்துகொண்டிருந்த நேரம் அது. அப்படிப்பட்ட நேரத்தில் ஓட்டு என்பது நிகழ்ச்சிக்கு விழுவதைவிட நாம் எந்தப் பக்கம் என்று காட்டுவதற்கே அதிகம் விழுகிறது என்பது என் கணிப்பு. "முதல் அரை மணி நேரம் சிரிச்சேன், அப்புறம் போர் அடிச்சது" என்று நினைத்தவருக்கு அந்தச் சண்டையில் வேலையே இல்லை.

அந்த சதவீதம் கணக்கிடப்படும் விதமும் விசித்திரமானது. 90 சதவீதம் என்றால் 100-க்கு 90 மார்க் இல்லை. நூறில் 90 பேர் 'ஓகே' சொன்னார்கள் என்று அர்த்தம். விமர்சகர் லேசாகப் பாராட்டினாலும் அது ஒரு முழு ஆதரவு ஓட்டு. பார்வையாளருக்கோ ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம் கொடுத்தால்தான் 'பிடித்தது' கணக்கு. மூன்று கொடுத்தால் அது 'பிடிக்கவில்லை' பக்கம் போய்விடும். நம் "பரவால்ல" அநேகமாக மூன்று நட்சத்திரம்தான். விமர்சகர் சொன்னால் பாஸ் ஆகக்கூடிய அதே வார்த்தை, நாம் சொன்னால் ஃபெயில்.

நெட்ஃப்ளிக்ஸ் ஏன் நட்சத்திரத்தைத் தூக்கியது?

நெட்ஃப்ளிக்ஸில் ஒரு காலத்தில் ஐந்து நட்சத்திர முறை இருந்தது. 2017 ஏப்ரலில் அதை எடுத்துவிட்டு கட்டைவிரல் மேலே, கீழே என்று மாற்றினார்கள். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் ஏமி ஷூமரின் காமெடி ஸ்பெஷலுக்கு ஒற்றை நட்சத்திரங்கள் மழையாகக் கொட்டியிருந்தன. அதனால்தான் மாற்றினார்கள் என்று பலர் பேசிக்கொண்டார்கள். நிறுவனம் சொன்ன காரணம் வேறு, எனக்கு அது இன்னும் சுவாரசியமாகப் படுகிறது. மக்கள் ஆவணப்படங்களுக்கு ஐந்து நட்சத்திரம் கொடுக்கிறார்கள், ஜாலியான படத்துக்கு மூன்றுதான் கொடுக்கிறார்கள், ஆனால் உட்கார்ந்து பார்ப்பது அந்த மூன்று நட்சத்திரப் படத்தை! நாம் எதை மதிக்கிறோம் என்பதும் எதைப் பார்க்கிறோம் என்பதும் வேறு வேறு. கம்பெனிக்குத் தேவை இரண்டாவது.

புதிய முறையைச் சோதித்தபோது ரேட்டிங் போடுவது 200 சதவீதம் கூடியதாக நெட்ஃப்ளிக்ஸ் சொன்னது. 2022-ல் இரட்டைக் கட்டைவிரலும் வந்தது. இப்போது 'எனக்கானது இல்லை', 'பிடித்தது', 'ரொம்பப் பிடித்தது' என்று மூன்று பொத்தான். ஐந்து நட்சத்திரக் காலத்தில் நடுவில் ஒரு மூன்று இருந்தது. இன்று "பரவால்ல"வுக்குப் பொத்தானே இல்லை.

சரி, பார்த்த நேரத்தை வைத்தே சொல்லிவிடலாமே?

அதைத்தான் நெட்ஃப்ளிக்ஸ் செய்கிறது. ஆனால் எப்படி எண்ணுகிறது என்பதை அடிக்கடி மாற்றியிருக்கிறது. 2020 தொடக்கத்தில், இரண்டு நிமிடம் பார்த்தாலே ஒரு பார்வையாளர் கணக்கு. 2021 நவம்பரிலிருந்து மொத்தம் பார்க்கப்பட்ட மணி நேரம். 2023 ஜூனிலிருந்து 'வியூஸ்': மொத்த மணி நேரத்தை அந்தத் தொடரின் நீளத்தால் வகுத்தால் வருவது.

இந்த வகுத்தல் என்ன செய்கிறது என்று பார்க்க ஒரு ஜோடி போதும். 2025 மார்ச்சில் வந்த 'அடோலசென்ஸ்', நான்கே எபிசோட், மொத்தம் 3 மணி 50 நிமிடம். முதல் 91 நாளில் உலகம் முழுக்கப் பார்க்கப்பட்டது சுமார் 54.6 கோடி மணி நேரம். 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' நான்காவது சீசன் 13 மணி நேரத்துக்கு மேல். அதே 91 நாளில் 183.8 கோடி மணி நேரம். மணிக்கணக்கில் பார்த்தால் இரண்டாவது மூன்று மடங்குக்கும் மேலே. வியூஸ் கணக்கில் 'அடோலசென்ஸ்' 14.2 கோடி, 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' 14 கோடி. சின்னது ஜெயித்துவிட்டது!

எந்தக் கணக்கு சரி? இரண்டும் சரிதான், கேள்வி வேறு. பழைய கணக்கு நீளமான தொடருக்குச் சாதகம், புதியது குறுகியதற்கு நியாயம் செய்கிறது. ஒரு மணி நேர காமெடி ஸ்பெஷலுக்கு இது நல்ல செய்தி, முன்பு பத்து மணி நேரத் தொடரோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. ஆனால் வியூஸ் என்பது ஆட்களின் எண்ணிக்கை இல்லை. நான்கு பேர் ஆளுக்குக் கால் மணி நேரம் பார்த்துவிட்டு அணைத்தாலும் ஒரு மணி நேர ஸ்பெஷலுக்கு ஒரு வியூ. ஒருவர் கண் கொட்டாமல் முழுதும் பார்த்தாலும் ஒரு வியூ. எத்தனை பேர் பாதியில் விட்டார்கள் என்பது கம்பெனிக்குத் தெரியும், நமக்குச் சொல்வதில்லை. என்னைக் கேட்டால், "பரவால்ல" என்ற கருத்துக்கு மிக நெருக்கமாக வரும் எண் அதுதான்.

தமிழில் ஸ்டாண்ட்-அப் செய்பவர்களுக்கு இது வெறும் கணக்கு வழக்கு இல்லை. அலெக்ஸாண்டர் பாபுவின் 'அலெக்ஸ் இன் வொண்டர்லேண்ட்' 2019-ல் பிரைம் வீடியோவில் வந்தது. பாட்டும் ஜோக்குமாகப் போகும் அந்த நிகழ்ச்சியைப் பலரும் நண்பர் சொல்லித்தான் பார்த்தார்கள், நானும் அப்படியே. அதை எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள்? நெட்ஃப்ளிக்ஸ் போல வாரா வாரம் மணிக்கணக்கு வெளியிடும் வழக்கம் பிரைமில் இல்லை. நெட்ஃப்ளிக்ஸே 2023 டிசம்பரில் முதல் முறையாகப் பெரிய பட்டியலை வெளியிட்டபோது, ஆறு மாதத்தில் 50,000 மணி நேரத்துக்கு மேல் பார்க்கப்பட்டவை மட்டும்தான் அதில் இருந்தன. அதற்குக் கீழே இருப்பவை வெளி உலகுக்கு இல்லாத மாதிரிதான். ஆக ஒரு தமிழ் காமெடியன் "எனக்கு இவ்வளவு ஆடியன்ஸ் இருக்கு" என்று காட்ட மிஞ்சுவது யூடியூப் கிளிப் எண்ணிக்கை, டிக்கெட் விற்பனை, குறைந்த ஓட்டுகள் உள்ள ஒரு ஐஎம்டிபி பக்கம். ஓட்டு குறைவாக இருக்கும் பக்கத்தில் இருபது கோபக்காரர்கள் போதும், எண் சரிந்துவிடும்.

டிஆர்பி: டிவி ஓடினால் போதுமா?

வீட்டில் அம்மா பார்க்கும் சீரியல், 'பிக் பாஸ்', 'குக் வித் கோமாளி' எல்லாம் இந்தக் கணக்கில் வருகின்றன. 2015-லிருந்து இதை அளப்பது பார்க் இந்தியா. தேர்ந்தெடுத்த வீடுகளில் ஒரு மீட்டர் இருக்கும். சேனலின் ஒலியில் நம் காதுக்குக் கேட்காத ஒரு குறியீடு கலந்திருக்கும், மீட்டர் அதைப் பிடித்துக்கொள்ளும். வீட்டில் யார் பார்க்கிறார்களோ அவர் தனக்கான பொத்தானை அழுத்த வேண்டும்.

தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2025 ஜூலையில் தந்த கணக்குப்படி, நாட்டில் சுமார் 23 கோடி டிவி வீடுகள், மீட்டர் இருப்பது ஏறக்குறைய 58,000 வீடுகளில், அதாவது 0.025 சதவீதம். இந்த எண்ணைப் பார்த்துப் பதறுபவர்கள் அதிகம். டேட்டா பக்கம் வேலை செய்பவளாகச் சொல்கிறேன், சரியாகத் தேர்ந்தெடுத்தால் 58,000 என்பது நாடு முழுக்கான கணக்குக்கு மோசமான மாதிரி அளவு இல்லை. ஒரு மாநிலம், ஒரு மொழி, ஒரு வயதுப் பிரிவு, ஒரு அரை மணி நேரம் என்று நறுக்கிக்கொண்டே போகும்போதுதான் கையில் சில வீடுகளே மிஞ்சும். அங்கே ஒரு சில வீடுகளை வளைத்தாலும் எண் ஆடும். 2020 அக்டோபரில் மும்பை போலீஸ் கிளப்பிய குற்றச்சாட்டும் அதுதான்: குறிப்பிட்ட சேனல்களை ஓடவிடச் சொல்லி மீட்டர் வீடுகளுக்குப் பணம் கொடுக்கப்பட்டது என்றார்கள். அதன் பிறகு செய்தி சேனல்களின் தனித்தனி ரேட்டிங்கை பார்க் நிறுத்திவைத்தது. மறுபடி வந்தது 2022 மார்ச்சில்.

ஸ்மார்ட் டிவியிலும் போனிலும் பார்ப்பது இந்த மீட்டரில் சரியாகச் சிக்குவதில்லை என்று அமைச்சகமே ஒப்புக்கொண்டு, இன்னும் பல நிறுவனங்கள் இந்தத் துறைக்குள் வர வழி செய்யும் வரைவைக் கொண்டுவந்தது. நல்லதுதான். ஆனால் எந்த மீட்டர் வந்தாலும் அது சொல்லப்போவது டிவி ஓடியதா, யார் பொத்தானை அழுத்தினார்கள் என்பதை. எங்கள் வீட்டில் எட்டு மணி சீரியலுக்கு அப்பா சோபாவில் தூங்கிவிடுவார். எங்களுடையது மீட்டர் வீடாக இருந்தால் அவர் விசுவாசமான ரசிகர். அம்மா அந்த சீரியலைத் திட்டிக்கொண்டே தினமும் பார்க்கிறார், அவரும்தான்.

அப்போ எதை நம்பிப் பார்ப்பது?

என் பழக்கம் இது. ஐஎம்டிபியில் பெரிய எண்ணைப் பார்ப்பதற்கு முன் அதைத் தட்டி, 1 முதல் 10 வரை ஓட்டுகள் எப்படிப் பிரிந்திருக்கின்றன என்று பார்ப்பேன். 10-லும் 1-லும் மட்டும் கோபுரம் எழும்பியிருந்தால் அது சண்டை நடக்கும் இடம், தரம் பற்றி அங்கே ஒன்றும் தெரியாது. 7, 8-ஐச் சுற்றிக் குவிந்திருந்தால் அதைக் கொஞ்சம் நம்புவேன். ரிலீஸான முதல் வாரத்து எண்ணைக் கண்டுகொள்வதே இல்லை. ஓட்டு சில ஆயிரத்துக்குக் கீழே இருக்கும் தமிழ் ஸ்பெஷல் என்றால் எண்ணை விட்டுவிட்டு, யூடியூபில் ஐந்து நிமிட கிளிப் பார்த்து முடிவு செய்வேன். காமெடிக்கு ஐந்து நிமிடம் போதும், சிரிப்பு வந்துவிட்டதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

அதற்குப் பிறகும் சந்தேகம் இருந்தால் ஆபீஸ் குரூப். அங்கே ஒருவர் இருக்கிறார், அவர் "செம" என்று சொன்ன எதுவும் எனக்குப் பிடித்ததில்லை. அவர் "பரவால்ல" என்றால் அன்று ராத்திரியே பார்த்துவிடுவேன்.