பிற்காலத்தில் வரும் நிறப்பார்வைக் குறையும் கணினிவழிச் சோதனையும்

நோயாலோ மருந்தாலோ முதுமையாலோ பின்னாளில் வரும் நிறப்பார்வைக் குறையைக் கணினித் திரையில் அளக்கும் முறை இது. பிறவிக் குறை பெரும்பாலும் ஆண்களுக்கு, இரு கண்ணிலும் ஒரே அளவில், சிவப்பு–பச்சைக் குழப்பமாக வந்து வாழ்நாள் முழுதும் மாறாதிருக்கும். பின்னாளில் வருவதோ கண்ணுக்குக் கண் வேறுபடும், கூடும், குறையும். பலருக்கு நீலம்–மஞ்சளில் தொடங்கும். 1917இல் வெளிவந்த இஷிஹாரா புள்ளி அட்டைகள் பிறவிக் குறைக்காக வரையப்பட்டவை. நீலம்–மஞ்சளை அவை சோதிப்பதே இல்லை. அவற்றை மட்டும் சர்க்கரை நோயாளியிடம் காட்டிக் ‘குறையில்லை’ என்று எழுதுவது, பாராததைப் பார்த்ததாக எழுதுவதுதான். சென்னை சங்கர நேத்ராலயா 2015இல் வெளியிட்ட ஆய்வில், விழித்திரைப் பாதிப்பு தென்படாத சர்க்கரை நோயாளிகளிலேயே 43 விழுக்காட்டினருக்கு நிறப்பார்வை குன்றியிருந்தது. அங்கே பயன்பட்டது ஃபார்ன்ஸ்வொர்த்–மன்செல் 100 சாயல் சோதனை (பெயரில்தான் நூறு, வில்லைகள் 85). நுட்பமானதுதான், ஆனால் வில்லைகளைச் சாயல் வரிசையில் அடுக்கி முடிக்க நேரமும் பொறுமையும் வேண்டும்.

குறை வந்தவரே அதை அறியாதிருக்கக் காரணம் உண்டு. நீலகிரித் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து இளம்பச்சை, முற்றிய இலை கரும்பச்சை. நிறம் மங்கினாலும் வெளிர்மையும் கருமையுமே கைக்கு வழிகாட்டிவிடும். கேம்பிரிட்ஜ் நிறச் சோதனை போன்ற கணினி முறைகள் இந்த ஊன்றுகோலைப் பிடுங்கிவிடுகின்றன. திரையில் புள்ளிகளின் அளவும் ஒளிர்வும் தாறுமாறாக மாற, நிறம் ஒன்றாலேயே தெரியும் ஒரு வளையத்தின் வாய் எப்பக்கம் திறந்திருக்கிறது என்று காட்ட வேண்டும். சரியாகக் காட்டக் காட்ட நிறம் வெளிறும். தடுமாறும் இடமே அந்தக் கண்ணின் அளவு. தமிழும் படுகும் மலையாளமும் இந்தியும் கலந்து பேசும் மலையில் எழுத்தறிவு கேட்காத சோதனை சிறிய வசதியன்று. காசநோய்க்கு எத்தாம்புட்டால் உட்கொள்வோருக்கு இது இன்னும் பொருந்தும்: அம்மருந்து சிலருக்குப் பார்வை நரம்பைத் தாக்கும், உடனே நிறுத்தினால் பலருக்குப் பார்வை மீளக்கூடும். மருந்து தொடங்குமுன் ஓர் அளவு இருந்தால்தான் பின்னர் வந்த சரிவு தெரியும்.

திரையின் நிறமே நம்பத்தக்கதா என்பது நியாயமான கேள்வி. அளவுதிருத்தம் செய்யாத கைப்பேசிச் செயலி நம்பத்தக்கதன்று. ஆனால் அட்டையும் வெளிச்சத்தையே நம்பியிருக்கிறது. பனிமூட்டம் ஏறி இறங்கும் ஊட்டியில் சன்னலோர வெளிச்சம் ஒரு மணி நேரம் நிலைப்பதில்லை. தன்னொளி கொண்ட திரைக்கு இருட்டறை போதும். முதியோரின் மஞ்சளித்த விழிவில்லை நீலத்தை விழுங்கும் என்பதும் உண்மை. ஆகவே வயதுக்கேற்ற அளவோடும் அவரவர் முந்தைய அளவோடும் ஒப்பிட வேண்டும். நோயின் பெயரை இச்சோதனை சொல்லாது. விழித்திரை நோயில் நீலம்–மஞ்சள், நரம்பு நோயில் சிவப்பு–பச்சை என்ற கோல்னர் விதியையே, நரம்பைத் தாக்கும் கண் அழுத்த நோய் மீறுகிறது. ஊருக்கொரு செயலியைவிட, 2022இல் திறக்கப்பட்ட உதகை அரசு மருத்துவக் கல்லூரியில் ஒழுங்காக அளவுதிருத்திய ஒரே திரை இருப்பது மேல்.