பட்டியலில் இல்லாத கல்: அரசுத் திட்டங்களும் பெங்களூரின் வரலாற்றிடங்களும்

பெங்களூர் என்னும் பெயருக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சான்று, பேகூர் நாகேசுவரர் கோயிலில் உள்ள ஏறத்தாழ கி.பி. 890ஆம் ஆண்டைச் சேர்ந்த நடுகல் கல்வெட்டு. அதற்கு மூன்றரை நூற்றாண்டுகளுக்குப் பின், மடிவாளம் சோமேசுவரர் கோயிலின் 1247ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு இதே ஊரை வகர முதலுடன் குறிக்கிறது. தொம்மலூர் சொக்கநாதர் கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகளில் அவ்வூருக்குத் தேசிமாணிக்கப்பட்டணம் என்னும் மறுபெயர் காணப்படுகிறது. ஒரே நிலப்பரப்பில் கன்னடமும் தமிழும் எவ்வாறு அருகருகே வழங்கின என்பதற்கு இத்தகைய கற்களே நேரடிச் சான்றுகள். லூயிஸ் ரைஸ் பதிப்பித்த ‘எபிகிராஃபியா கர்நாடிகா’வின் 9ஆம் தொகுதி (1905) பெங்களூர் மாவட்டக் கல்வெட்டுகளை ஊர்வாரியாகப் பதிவு செய்தது. அத்தொகுதியில் இடம்பெற்ற கற்கள் பல இன்று அவை இருந்த இடத்தில் இல்லை. சாலை, வடிகால், குடியிருப்பு என ஒவ்வொரு பணிக்கும் நிலம் தோண்டப்பட்டபோது, அங்கே என்ன இருக்கிறது என்று கேட்கும் கடமை எவருக்கும் இருக்கவில்லை.

இந்தக் கடமையைச் சட்டம் எங்கே வைக்கிறது? 1958ஆம் ஆண்டின் தொல்பழம் நினைவுச்சின்னங்கள், தொல்லியல் இடங்கள் மற்றும் எச்சங்கள் சட்டம் நடுவண் அரசின் பாதுகாப்புப் பட்டியலை அடிப்படையாகக் கொண்டது. 1992ஆம் ஆண்டின் அறிவிக்கை, பட்டியலிட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டரைத் தடைசெய்யப்பட்ட பகுதியாகவும், அதற்கப்பால் 200 மீட்டரை ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதியாகவும் வரையறுத்தது. 2010ஆம் ஆண்டின் திருத்தம் இந்த எல்லைகளைச் சட்டத்திற்குள்ளேயே கொண்டுவந்ததோடு, பொதுப்பணிகளுக்கும் தடைசெய்யப்பட்ட பகுதியில் அனுமதி கிடையாது என்று அறிவித்தது. ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதியில் கட்ட விரும்புவோரின் விண்ணப்பம், தகுதிவாய்ந்த அதிகாரி வழியாகப் 15 நாள்களுக்குள் தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையத்தை அடைய வேண்டும். பெருந்திட்டங்கள், பொதுத்திட்டங்கள் ஆகியவற்றின் தாக்கத்தையும் ஆராய்ந்து ஆணையம் இரண்டு மாதங்களுக்குள் கருத்துரைக்க வேண்டும்.

பட்டியலுக்குள் இருக்கும் இடத்திற்கு இந்த ஏற்பாடு உண்மையான வலிமையைத் தருகிறது. கொல்கத்தாவின் கிழக்கு மேற்கு மெட்ரோ பாதை, பாதுகாக்கப்பட்ட மூன்று கட்டடங்களுக்கு 100 மீட்டருக்குள் அமைந்தது: பழைய கரன்சி கட்டடம், மாகென் டேவிட், பெத் எல் ஆகிய இரு யூதத் தொழுகைக் கூடங்கள். நெடிய கடிதப் போக்குவரத்துக்கும் ஆய்வுக்கும் பின்னர், 2017இல்தான் அப்பணிக்கு அனுமதி கிடைத்தது. நாட்டின் மிகப்பெரிய பொதுத்திட்டங்களுள் ஒன்று, சில பழைய சுவர்களின் பொருட்டுக் காத்திருந்தது. இத்தகைய காத்திருப்பைத் தவிர்க்கும் நோக்கில், தடைசெய்யப்பட்ட பகுதியில் நடுவண் அரசின் பொதுப்பணிகளை அனுமதிக்கும் திருத்த மசோதா ஒன்று 2018 ஜனவரியில் மக்களவையில் நிறைவேறியது. மாநிலங்களவை அதனைத் தேர்வுக்குழுவுக்கு அனுப்பியது.

பட்டியலின் விளிம்பு எங்கே முடிகிறது என்பதைப் பெங்களூர்க் கோட்டை காட்டுகிறது. 1537இல் கெம்பே கவுடா எழுப்பிய மண்கோட்டையின் தொடர்ச்சியாக, ஹைதர் அலி 18ஆம் நூற்றாண்டில் கற்கோட்டை கட்டினார். 1791இல் காரன்வாலிஸ் படை அதனைக் கைப்பற்றியது. பின்னர் மதில்கள் படிப்படியாக இடிக்கப்பட்டன. இன்று கண்ணுக்குத் தெரிவது டெல்லி வாயிலைச் சார்ந்த சிறு பகுதி மட்டுமே. பாதுகாப்பும் அந்த எச்சத்திற்கும் அருகிலுள்ள திப்பு அரண்மனைக்கும் உரியது. கோட்டை முன்பு பரவியிருந்த நிலமோ கிருஷ்ணராஜ மார்க்கெட், மருத்துவக் கல்லூரி வரை நீள்கிறது. 2012இல் அப்பகுதியில் மெட்ரோவுக்காகத் தோண்டியபோது, மண்ணுக்கடியிலிருந்து இரண்டு இரும்புப் பீரங்கிகள் வெளிப்பட்டன. அவற்றைக் கண்டெடுத்தது மண்வாரி இயந்திரம். அங்கே கோட்டை இருந்தது என்பது பழைய வரைபடங்களில் எவரும் காணக்கூடிய செய்தி. ஆயினும் மதில் மறைந்த இடத்தில் சட்டத்தின் பார்வையும் மறைந்துவிட்டது.

சுற்றுச்சூழல் சட்டமும் இந்த இடைவெளியை நிரப்பவில்லை. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, விண்ணப்பப் படிவத்தில் பண்பாட்டு மதிப்புள்ள பாதுகாக்கப்பட்ட பகுதிகளைப் பற்றிக் கேட்கிறது. ஆனால் அதன் அட்டவணையில் ரயில் பாதைகள் இடம்பெறவில்லை. எனவே ரயில் பாதைக்கு அந்தக் கேள்வியே எழுவதில்லை.

ஒக்கலிபுரத்தை ஒட்டிய நகர ரயில் நிலையத்திலிருந்து மைசூர் செல்லும் பாதையின் வரலாறு, கேள்வி காலம் தாழ்ந்து எழும்போது நேர்வதை விளக்கும். 1880களின் தொடக்கத்தில் அமைந்த அப்பாதை, ஸ்ரீரங்கப்பட்டினத்தில் கோட்டைக்குள்ளேயே புகுந்து செல்கிறது. ஏறத்தாழ 130 ஆண்டுகளுக்குப் பின் அதனை இரட்டைப் பாதையாக்க முற்பட்டபோது, திப்பு சுல்தான் காலத்து ஆயுதக் கிடங்கு ஒன்று தண்டவாளத்தின் வழியில் நின்றது. அந்த ஓர் இடத்தில் மட்டும் பணி ஆண்டுக்கணக்கில் தடைப்பட்டது. இறுதியில், 2017ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஆயிரம் டன் அளவிலான அக்கட்டடம் முழுவதும் அடித்தளத்திலிருந்து பெயர்க்கப்பட்டு, நூறு மீட்டருக்கு அப்பால் நகர்த்தி வைக்கப்பட்டது. இடிக்கப்படாமல் நிலைத்ததை வெற்றி எனலாம். பொறியியல் நோக்கில் அது அரிய செயலும்கூட. ஆனால் வெடிமருந்து வைக்கும் கட்டடத்தின் இடத்தேர்வு பாதுகாப்புக் கணக்கோடு தொடர்புடையது: மதிலிலிருந்து எவ்வளவு தொலைவு, குடியிருப்பிலிருந்து எவ்வளவு தொலைவு என்பவை அதன் வரலாற்றின் பகுதிகள். கட்டடம் தப்பியது, அந்தத் தொலைவுகள் தப்பவில்லை. பாதையின் தடம் முடிவான பிறகு ஆய்வு செய்தால், இடிப்பதா, பெயர்ப்பதா என்ற இரு வழிகளே மிஞ்சுகின்றன.

இங்கே அமெரிக்க நடைமுறையோடு ஒப்பிடுதல் பயன் தரும். அந்நாட்டின் 1966ஆம் ஆண்டுத் தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டத்தின் 106ஆம் பிரிவு, கூட்டாட்சி அரசு செய்யும், பணம் தரும் அல்லது உரிமம் வழங்கும் எத்திட்டமும் வரலாற்றிடங்கள் மீது ஏற்படுத்தும் விளைவை முன்கூட்டியே கருத வேண்டும் என்கிறது. தொடக்கத்தில் அது தேசியப் பதிவேட்டில் இருந்த இடங்களுக்கே பொருந்தியது. 1976ஆம் ஆண்டின் திருத்தம், பதிவேட்டில் சேரத் தகுதியுள்ள இடங்களையும் அதற்குள் கொண்டுவந்தது. இந்தச் சிறு மாற்றம் தேடும் பொறுப்பைத் திட்டம் தீட்டும் துறையின்மீது வைத்தது: பட்டியலைப் புரட்டினால் போதாது, களத்திற்குச் சென்று பார்க்க வேண்டும். எனினும் இப்பிரிவு எதனையும் தடுப்பதில்லை. ஆலோசித்த பின், தீங்கு நேரும் என்று தெரிந்தே ஒரு துறை பணியைத் தொடரலாம். அமெரிக்க முறை அகலமானது, மென்மையானது. இந்திய முறை வன்மையானது, குறுகியது.

அக்குறுகிய வட்டத்திற்குள்ளும் இழப்பு உண்டு. நடுவண் பட்டியலில் ஏறத்தாழ 3,700 சின்னங்கள் உள்ளன. காணாமற்போனவை 50 என்றும், அவற்றுள் 14 நகரமயமாதலாலும் 12 நீர்த்தேக்கங்களாலும் மறைந்தன, 24 கண்டறிய இயலாதவை என்றும் பண்பாட்டு அமைச்சகம் நாடாளுமன்றக் குழுவுக்குத் தெரிவித்தது. நீர்த்தேக்கம் என்பது அரசே தீட்டிய திட்டம். பட்டியலிட்டவற்றின் நிலையே இதுவெனில், பட்டியலிடப்படாதவற்றின் இழப்பைக் கணக்கிடவும் வழியில்லை.

தடைசெய்யப்பட்ட 100 மீட்டரைத் தளர்த்துவதா, காப்பதா என்ற விவாதம் தேவையானதே. ஆனால் பேகூர்க் கல் போன்றவற்றின் எதிர்காலத்தை அது தீர்மானிக்காது. தேவைப்படுவது, தடத்தை வரையும் கட்டத்திலேயே, தகுதியுள்ள இடங்களையும் உட்படுத்திக் கேட்கப்படும் ஒரு கேள்வி. அதற்கான தரவு பெங்களூரில் இன்று இல்லாமலில்லை. ரைஸின் தொகுதி ஊர்ப்பெயர்களோடு கிடைக்கிறது. 1909இல் தொடங்கப்பட்ட மித்திக் சொசைட்டி, இம்மாவட்டக் கல்வெட்டுகளை முப்பரிமாணத்தில் பதிவு செய்துவருகிறது. ஹெப்பாளில் கிடைத்த, ஏறத்தாழ கி.பி. 750ஐச் சேர்ந்த கிட்டய்யன் நடுகல்லைத் தன்னார்வலர்களும் ஊர்மக்களும் சேர்ந்து காத்தனர். இவ்விவரங்கள் ஒரு வரைபடமாகி, திட்டப் பொறியாளரின் மேசையில் முதல் நாளிலேயே இருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் விதி மட்டுமே இல்லை. கல்வெட்டின் படம் எழுத்தையும் சொல்லையும் காக்கும். அந்தச் சொல் எந்த ஏரியின் கரையில், எந்த ஊரின் எல்லையில் வழங்கியது என்பதைக் கல் நின்ற இடமே சொல்லும். இடம் இழந்த கல்வெட்டில் மொழி வரலாற்றாய்வாளர் பாதியையே படிக்கிறார்.