பற்று, வரவு: கணக்குக்குறிகள் கருவிக்குள் நுழைந்த கதை

ராபர்ட்சன்பேட்டையில் எங்கள் அப்பாவின் மளிகைக் கடையில் சுரங்கத் தொழிலாளர் வீடுகளுக்குச் சம்பளம் வரைக்கும் கடன். பேரேட்டில் ரூபாய்க்கு ௹, மேற்படிக்கு ௸, பற்றுக்கு ௶, வரவுக்கு ௷ என்று எழுதுவார். ரூபாய்க்குப் பதினாறணா இருந்த காலத்தில் ஓரணா என்பது மாகாணி, ஈரணா அரைக்கால். வாய்க்கணக்கும் ஏட்டுக்கணக்கும் ஒன்று. 1957இல் நயா பைசா வந்ததும் பின்னக்குறிகளுக்கு வேலை போயிற்று. பற்றும் வரவும் மட்டும் அப்பா கையில் பிழைத்திருந்தன.

2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. சில வருஷம் கழித்துப் பேரேட்டைக் கணினியில் ஏற்ற ஒரு பையனிடம் கொடுத்தேன். குறிகள் அகப்படாமல் இரண்டையும் விட்டுவிட்டு எண்களை மட்டும் அடித்துக் கூட்டிவிட்டான். கட்டிய பணமெல்லாம் கடனாக நின்றது! அதைப் பார்த்த ஒருவர், "எங்கப்பா கடன் வெச்சிட்டா போனாரு?" என்று கேட்டார். மூல ஏட்டைத் திறந்து, கடைசி வரியில் இருந்த வரவுக்குறியைக் காட்டிய பிறகுதான் அவர் முகம் தெளிந்தது.

விசையில் இல்லாத எழுத்தை எப்படி உள்ளே விடுவது? இது நம் ஒருவர் கஷ்டமல்ல. 1979இல் வந்த ஹியூலெட்-பாக்கார்டு 41சி, நிரல் எழுதக்கூடிய கணிப்பான். 1981இல் விண்வெளி ஓடத்தில்கூடப் போனது. அதன் விசைகளில் இல்லாத குறிகளைப் பயனர்களே குறுக்குவழி கண்டுபிடித்து உள்ளிட்டார்கள். 1983இல் வந்த 41சிஎக்ஸில், எண்ணைக் கொடுத்தால் அதற்குரிய எழுத்தைத் தரும் கட்டளையே இருந்தது. ஆனால் பாருங்கள், அதன் திரையில் எழுத்தெல்லாம் சிறு கோட்டுத் துண்டுகளால் ஆனவை. நம் வளைந்த ௶ அதில் எழும்பாது.

வழி அதேதான், எழுத்துக்கு ஒரு எண். 2003இல் யூனிகோடு நம் கணக்குக்குறிகளுக்கு இடம் கொடுத்தது. பழைய முறையில் பத்துக்கு ௰, நூறுக்கு ௱ என்று தனி எழுத்துகள் இருந்ததால் சுழியம் தேவைப்படவில்லை. தமிழ்ச் சுழியம் 2005இல்தான் சேர்ந்தது. மாகாணி, முந்திரி முதலிய பின்னங்கள் உட்பட 51 குறிகள் 2019இல் வந்தன.

வீட்டில் பழைய ஏடு வைத்திருப்போர் குறித்துக்கொள்ளுங்கள். வேர்டு மென்பொருளில் ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு வலப்பக்க எண்விசைகளில் 3062 அடித்தால் பற்று, 3063 அடித்தால் வரவு. எழுத்துருவில் அந்த வடிவம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கட்டம்தான் தெரியும்.

பேரேட்டை இப்போது நானே மறுபடி அடிக்கிறேன். 1962 வரை வந்திருக்கிறது.